மழைக்குப் பயந்த தவளை

அந்த நாற்காலியா? அது நாலு வயசுப் பிள்ளைங்களுக்குப் போட்டது, சார். உக்காருங்க, தாங்கும். முட்டி ரெண்டும் தாடையில இடிக்கத்தான் செய்யும், என்ன பண்றது. இந்த ரூம்ல பெரிய நாற்காலி ஒண்ணே ஒண்ணுதான், அதுல நான் உக்காந்திருக்கேன். பின்னாடி மட்டும் சாஞ்சுடாதீங்க. தட்டுல புத்தகமெல்லாம் சரிஞ்சுடும், இப்பதான் பிள்ளைங்க அடுக்கி வச்சுட்டுப் போச்சுங்க.

படிச்சுட்டேன், படிச்சுட்டேன். டைப் அடிச்சே கொண்டு வந்துட்டீங்க, நான் கையெழுத்து மட்டும் போட்டா போதும். நூலகர் சங்கத் தலைவர் தேர்தல்ல உங்க மனு மேல நான் குடுத்த ஆட்சேபத்தை நானே வாபஸ் வாங்கிக்கிறேன். அதானே? அஞ்சு மணிக்குள்ள இந்தப் பேப்பர் மாடியில தேர்தல் அதிகாரி கையில இருக்கணும். இல்லேன்னா கெடு தாண்டி உங்க பேருல நிக்கிற புத்தகம் அஞ்சு மணிக்குள்ள வந்து சேரணும். ரெண்டும் இல்லேன்னா உங்க மனு தள்ளுபடி, நான் போட்டியே இல்லாம தலைவி. இப்ப மணி நாலு நாப்பத்தஞ்சு. மாடி ஏற ரெண்டு நிமிஷம். நேரம் நெறைய கிடக்கு சார், ஏன் வேர்க்குது உங்களுக்கு?

போட மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? பேனா இதோ கையிலதான் இருக்கு. ஆனா இந்த ரூமுக்குள்ள வந்தவங்க யாரும் கதை கேக்காம திரும்பிப் போனதில்ல. பன்னெண்டு வருஷமா தலைவரா இருக்கீங்க, ஒருநாள் இந்தப் படி இறங்கி வந்திருப்பீங்களா? முதல் தடவையா வந்திருக்கீங்க, சும்மா அனுப்பிட முடியுமா?

சின்னக் கதைதான். கேளுங்க.

எட்டு வருஷம் முன்னாடி ஒருத்தி செயலாளர் பதவிக்கு நின்னா. குழந்தைகள் பிரிவுல இருந்து அதுவரைக்கும் யாரும் நின்னதில்ல. மாநாட்டு மேடைக்குப் படம் வரைய, வர்றவங்க பிள்ளைங்களை மேய்க்க, சாப்பாட்டுக் கூப்பன் கிழிச்சுக் குடுக்க, இதுக்கெல்லாம் எங்களைக் கூப்பிடுவீங்க. புத்தகத் தேர்வுக் குழுவுல ஒரு இடம் குடுங்கன்னு கேட்டா, அடடே உங்களுக்கெதுக்கும்மா அந்தத் தலைவலின்னு சிரிப்பீங்க. ஆனா அவ நின்னா. பேச அஞ்சு நிமிஷம் குடுத்தீங்க. ராத்திரி பகலா எழுதி, எங்க வீட்டுக்காரர்கிட்ட நாலு தடவை படிச்சுக் காட்டி, அந்த மனுஷன் தூங்கியே போயிட்டாரு. பதிமூணு வயசுப் பிள்ளைங்க இங்க உக்காந்தா வெக்கப்படுது, பெரியவங்க பிரிவுக்குப் போனா விரட்டுறாங்க, அதுங்க எங்கதான் போகும்னு பேசினேன். அதுங்களுக்குன்னு ஒரு மூலை, நாலு மேசை, அதுங்களோட பேசத் தெரிஞ்ச ஒரு ஆள். அவ்வளவுதான் கேட்டேன்.

ஆமா சார், அவ நான்தான். அதுல என்ன ரகசியம்?

நான் முடிச்சதும் நீங்க எந்திரிச்சீங்க. கையில ஒரு படப் புத்தகம். அன்னைக்குக் காலையில உங்க பியூனை அனுப்பி உங்க கார்டுலயே எடுத்துட்டுப் போயிருந்தீங்க. மைக் முன்னாடி அதைத் தூக்கிப் பிடிச்சு, நம்ம கதைக்காரம்மா கட்டிக் காக்கிற மகா கிரந்தத்தைப் பாருங்க, மொத்தம் பதினாறு பக்கம், அதுல பதினஞ்சு பக்கம் படம், இதை எடுத்துக் குடுக்கத் தெரிஞ்சா செயலாளர் ஆகிடலாம்னா என் பேத்தியையே நிறுத்தியிருப்பேனேன்னீங்க. முந்நூறு பேர் சிரிச்சாங்க. அதோட விட்டீங்களா? எங்க, இதுல வர்ற தவளை மாதிரி ஒரு வரி பேசிக் காட்டுங்கம்மான்னீங்க.

பேசினேன் சார். அதான் இன்னைக்கு வரைக்கும் என் வயித்தை எரிக்குது. மாட்டேன்னு சொல்லத் தெரியாம, தவளைக் குரல்ல பேசிக் காட்டினேன். கைதட்டின சத்தத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. ஓட்டு பதினொண்ணு விழுந்துச்சு. அம்மா பேசுறதைப் பாக்கணும்னு எம் பொண்ணு காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு வந்து கடைசி வரிசையில உக்காந்திருந்தா. எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு அவளும் சிரிச்சுட்டா. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதா, நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா, சிரிச்சிருக்கக் கூடாதும்மான்னு. அவளுக்கு இப்ப கல்யாணமே ஆயிடுச்சு, இன்னும் அதைப் பத்தி எங்ககிட்ட பேச மாட்டா.

விளையாட்டுக்கா? விளையாட்டுன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும் சார். என் பிள்ளைங்களுக்கு நான் முதல்ல சொல்லித் தர்றதே அதுதான்.

மணியா? நாலு அம்பத்திரெண்டு. இருங்க, முக்கியமான இடத்துக்கு இப்பதான் வந்திருக்கேன்.

நாலு வருஷம் முன்னாடி திரும்ப நின்னேன். அந்தத் தடவை தலைவர் பதவிக்கே. அப்பதான் நீங்க அந்த விதியைக் கொண்டு வந்தீங்க. பேருல கெடு தாண்டின புத்தகம் ஒண்ணு நின்னாலும் போட்டியிட முடியாது. நூலகரே புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கலேன்னா ஊர் சிரிக்காதான்னு கேட்டீங்க. எவ்வளவு நியாயமா இருந்துச்சு கேக்க! எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க. ஆனா உங்களுக்குத் தெரியும். நாங்க பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் புத்தகம் கொண்டு போறது எங்க சொந்தக் கார்டுலதான். பிள்ளைங்க கைக்குப் போனது தேதி பாத்தா திரும்பி வரும்? குழந்தைகள் பிரிவுல இருக்கிற அத்தனை பேர் பேருலயும் பத்து இருபதாவது நிக்கும். ஒரே விதியில எங்க மொத்தப் பேரையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டீங்க. மூளைக்காரர் சார் நீங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

என் பேருல இருபத்தேழு. எல்லாம் ஆஸ்பத்திரி குழந்தைங்க வார்டுல கிடந்துச்சு. கமிட்டியில உக்காந்து மைக்ல ஒவ்வொரு பேரா வாசிச்சீங்க. ஒரு புத்தகத்துக்கிட்ட வந்ததும் நிறுத்தி, இது ரெண்டு வருஷமா வரலையேன்னு கேட்டீங்க. அதை வச்சிருந்த பிள்ளை இறந்துடுச்சு, அவங்கம்மாகிட்ட போய்த் திருப்பிக் கேக்க எனக்கு வாய் வரலன்னு சொன்னேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

விதி விதிதாம்மா.

அன்னைக்கு வீட்டுக்காரர் சொன்னாரு, விட்டுத்தள்ளு, இவனுங்களோட உனக்கென்ன மல்லுக்கட்டுன்னு. விட்டுத்தள்ள முடியல. பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்த வருஷம் ஆறு மாசம் வீடு வீடா, வார்டு வார்டா அலைஞ்சு ஒண்ணு விடாம சேத்தேன். அந்த அம்மாகிட்ட மட்டும் கேக்கல. அதே புத்தகத்தைப் புதுசா வாங்கி வச்சுட்டேன். என் பேரு இப்ப பளிச்சுன்னு இருக்கு.

உங்க பேருல ஒண்ணு இருந்துச்சு. மழைக்குப் பயந்த தவளை. எட்டு வருஷமா. குழந்தைங்க புத்தகத்துக்கு அபராதம் கிடையாது, நினைவூட்டுக் கடுதாசியும் போகாது. ஆட்சேபம் வந்தா மட்டும்தான் கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டிப் பாப்பாங்க. உங்க மேல யாரு ஆட்சேபம் பண்ணப் போறா? அதனால நீங்க பாட்டுக்கு நின்னீங்க, ஜெயிச்சீங்க.

வீடெல்லாம் தேடிட்டீங்களா? பரண் மேல கூடவா? பாவம், வீட்டம்மாவுக்குத்தான் கஷ்டம். புதுசு வாங்கித் தர்றீங்களா? அது இப்ப அச்சுலயே இல்ல சார். தொலைஞ்சு போச்சுன்னு காலையில கமிட்டிக்கு எழுதியும் குடுத்துட்டீங்களாமே. பெருந்தன்மையா மன்னிப்பெல்லாம் கேட்டு. நல்ல கடுதாசின்னு சொன்னாங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முப்பது வருஷ சர்வீஸ் உங்களுக்கு. ஒருத்தர் வந்து, புத்தகத்தைக் காணோம் சார், குடுத்தேனா இல்லையான்னே தெரியலன்னு சொன்னா, முதல்ல என்ன செய்வீங்க?

சொல்லுங்க, சும்மா சொல்லுங்க.

ஆங். அலமாரியைப் போய்ப் பாப்பீங்க. திரும்பி வந்த புத்தகத்தை யாராவது கம்ப்யூட்டர்ல வரவு வைக்காமலே தட்டுல அடுக்கிட்டாங்களோன்னு பாப்பீங்க. நேத்து வேலைக்குச் சேந்த பொண்ணு கூட அதைத்தான் செய்வா. நீங்க பாத்தீங்களா? தேர்தல் அதிகாரி பாத்தாரா? கமிட்டியில அஞ்சு பேரு, அஞ்சு பேரும் பழம் தின்னு கொட்டை போட்ட நூலகர்ங்க, ஒருத்தராவது இந்தப் படி இறங்கி வந்தாங்களா? கம்ப்யூட்டரைப் பாத்தாங்க, தலையை ஆட்டினாங்க. இங்கேயும் அலமாரி இருக்கும்னு உங்க ஏழு பேருக்கும் தோணவே இல்ல பாருங்க.

மணி பாக்காதீங்க, நானே சொல்றேன். அஞ்சு ஒண்ணு. அந்தக் கடிகாரம் சரியாத்தான் ஓடுது, பிள்ளைங்க அதைப் பாத்துத்தான் மணி பாக்கக் கத்துக்குது. பேப்பரை மடிச்சு வச்சுக்கோங்க, இனி அது எதுக்கும் ஆகாது.

கத்தாதீங்க சார். இது நூலகம்.

இப்ப மெதுவாத் திரும்புங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி, கீழ இருந்து மூணாவது தட்டு. பச்சை அட்டை, மேல சிவப்பு வட்டம் ஒட்டியிருக்கும். இங்கேயே உக்காந்து படிக்கிற புத்தகம்னு நான்தான் ஒட்டினேன். இத்தனை வருஷமா தினம் யாராவது ஒரு பிள்ளை கையில அது இருக்கும். எடுங்க.

நீங்க அதைத் தொலைக்கவே இல்ல சார். அன்னைக்கு மேடையில இருந்து இறங்கறப்ப, இந்தா உன் கிரந்தம்னு சொல்லி என் மடியில விட்டெறிஞ்சுட்டுப் போனீங்க. மறந்துட்டீங்க. விட்டெறிஞ்சவங்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது. மறுநாள் வரவு வைக்க உக்காந்தேன், கை வரல. அதுக்கு மறுநாள் வச்சிருக்கலாம், வேணும்னேதான் வைக்கல. தப்புதான். நல்லாத் தெரிஞ்சே செஞ்ச தப்பு. ராத்திரி தூக்கமும் நல்லாத்தான் வருது.

போய்ச் சொல்லுங்களேன். தொலைஞ்சதுன்னு உங்க கையெழுத்துல மேல ஒரு கடுதாசி இருக்கு. அதையும் சேத்தே சொல்லுங்க.

குடுங்க இப்படி. மிஷின்ல காட்டினா ஒரு நொடி. டிக்குன்னு சத்தம் கேட்டுச்சா? அவ்வளவுதான். பாத்து எந்திரிங்க, கால் மரத்துப் போயிருக்கும்.

உங்க பேருல இனிமே ஒண்ணும் இல்ல, சார்.