நான்காவது கட்டில்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனிதான் கொஞ்சம் அதிகம்.

இருபது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவன் நான். பத்து மணி டீக்கு எல்லாரும் கூடி உட்காருவோம். துரையின் தொப்பியை, என் மூக்கை, எதையாவது சொல்லிச் சிரிப்போம். மூன்று வருடத்துக்கு முன் என்னை அவர்களை மேய்க்கும் கங்காணி ஆக்கினார்கள். மறுநாள் டீக்குப் போனேன். "கங்காணி வராருலா, வாய மூடு" என்றாள் விக்னேஸ்வரி. என் கூடப்பிறந்த தங்கை. அன்றிலிருந்து தனியாகத்தான் குடிக்கிறேன்.

என் கஷ்டம் இன்னொரு கங்காணிக்குத்தான் புரியும். பக்கத்துத் தோட்டங்களில் மூன்று பேர்: ரிங்லெட் பக்கம் தங்கையா, கோலா தெர்லா பக்கம் செல்லையா, கம்போங் ராஜா பக்கம் மகேஸ்வரன். மனம் விட்டுப் பேசலாம் என்று கூப்பிட்டேன், ஒருவரும் வரவில்லை. கொழுந்து வெட்டும் மெஷின் இலவசம் என்றேன், மூவரும் வந்தார்கள். பழைய உர ஸ்டோரில் உட்காரவைத்து, வெளியே பூட்டினேன்.

கட்டில், கம்பளி, மூன்று வேளைச் சாப்பாடு, குறை வைக்கவில்லை. போனை மட்டும் வாங்கிக்கொண்டேன். நாலு பேர் பேசும்போது போன் பார்ப்பது மரியாதை இல்லை. அவர்களை யாரும் தேடவும் இல்லை. கங்காணி வராத நாளில் எந்தத் தோட்டத்தில் தேடுகிறார்கள்?

"ரெங்கசாமி, பைத்தியமாடா ஒனக்கு? கதவத் தொறடா" என்று முதல் நாள் முழுக்கத் திட்டினார்கள். செல்லையாவுக்குச் சர்க்கரை வியாதி; அவர் மாத்திரையையும் அன்றே வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு மனக்குறை சொன்னால் ஒரு மாத்திரை என்றேன். மளமளவென்று பேசினார். தங்கையா அழுதேவிட்டார். "வீட்டுலயும் என்னைய கங்காணின்னுதான்யா கூப்புடுறா." மகேஸ்வரன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். இதற்குத்தானே ஐயா நான் பாடுபட்டேன்.

நான்காம் நாள் காலை டீயோடு போனேன். உள்ளே மூவரும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். என் மூக்கைப் பற்றித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவைத் திறந்தேன்.

"வராருலா" என்றார் செல்லையா, மெதுவாக. சிரிப்பு நின்றுவிட்டது.

டீயைக் கீழே வைத்தேன். மறுபடி பூட்டினேன். மாத்திரை என் சட்டைப்பையில் இருந்தது. மூன்று நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நீங்கள் பூட்டை உடைத்துத் தூக்கிப்போன செல்லையா இன்னும் கண் திறக்கவில்லையாம். மற்ற இருவரும் ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காவல் இருக்கிறார்களாம். அந்த நட்பை உண்டாக்கியவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் உள்ளே வந்தபோது, வெளியே உங்கள் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்களே, கவனித்தீர்களா? அந்த ஸ்டோரில் எனக்கென்று நான்காவது கட்டில் ஒன்று போட்டேன், ஐயா. யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பூட்ட ஓர் ஆள் வேண்டும்; அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.