ஸ்டூல் மேல நீச்சல்

இல்ல டாக்டரம்மா, அவர் சொல்லிப் பேசல, நானாத்தான் கூப்பிட்டேன். உங்க ஸ்கூபா மாஸ்டரோட வீட்டுக்காரி. ஐயோ, போன வச்சிடாதீங்க, ரெண்டே நிமிஷம். உக்காந்த எடத்துலயே கடல்ல முங்கக் கத்துக்கலாம்னா, போன்லயே பல்லப் புடுங்கிடலாமேன்னு கேட்டுட்டுத்தானே அவரோட ஆன்லைன் கிளாஸ விட்டுப் போனீங்க? நியாயமான கேள்விதான். உங்களுக்குச் சொல்ல வேண்டிய பதில எல்லாம் ரெண்டு மூணு நாள் என்கிட்ட சொல்லிட்டு இருந்தாரு.

ஊரடங்குன்னு ஸ்கூபா சொல்லித்தர்ற கடைய மூடச் சொன்னதும், காத்து டேங்கு, முகமூடி, ரப்பர் குழாயி எல்லாத்தையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாரு. பின்னாடி ரூம்தான் இப்போ கடல். நீங்க ஸ்கிரீன்ல பாத்ததெல்லாம் இடுப்புக்கு மேலதான? நான்ல முழுசாப் பாக்கறேன். கால்ல அந்த நீள ரப்பர் துடுப்ப மாட்டிக்கிட்டு, ஸ்டூல் மேல குப்புறப் படுத்து, அடி அடின்னு அடிப்பாரு. அன்னிக்கு சிலிண்டர் போட வந்த கேஸ்காரர் இதப் பாத்துட்டு, கையெழுத்துகூட வாங்காம நழுவிட்டாரு.

சாப்பாட்டு மேஜையிலயும் பாடம்தான். உப்பு சரியா இருக்கான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு, விரல வட்டமாப் புடிச்சுக் காட்டுவாரு. நான் ஒருநாள் தெரியாத்தனமா கட்டைவிரலத் தூக்கிட்டேன். தண்ணிக்கடியில அப்படிக் காட்டினா மேல போலாம்னு அர்த்தமாம். அரை மணி நேரம் விளக்கினாரு. மேலதான? மாடியில துணி காயுது, எடுத்துட்டு வாங்கன்னேன்.

ஆங், சிரிச்சிட்டீங்க. இனி வைக்க மாட்டீங்க.

மொதல்ல பதினோரு பேரு இருந்தீங்க. அப்புறம் ஒவ்வொருத்தராக் கழண்டு, கடைசியா நீங்களும் அந்த பேங்க் மேனேஜரும். நீங்க போன அதே வாரம் மேனேஜரும் நின்னுட்டாரு. மறுநாள் காலைல டீ கொண்டு போறேன். எங்க வீட்டு மனுஷன் அந்தக் கறுப்பு ரப்பர் சட்டையப் போட்டு உக்காந்து, என்ன ஆனாலும் மூச்ச மட்டும் புடிச்சு வைக்காதீங்க, விட்டுக்கிட்டே இருங்கன்னு பாடம் எடுத்துட்டு இருக்காரு. ஸ்கிரீன்ல ஒருத்தர் இல்ல. அவர் மூஞ்சி மட்டும்தான். யாருக்காச்சும் சந்தேகம் இருக்கான்னு வேற கேட்டாரு. கேட்டுட்டு, கொஞ்ச நேரம் காத்துக்கிட்டும் இருந்தாரு. நான் டீயோட அப்படியே திரும்பிட்டேன்.

அப்புறம் அவரு அந்த ரூம் பக்கமே போகல. செவுத்தப் பாத்துப் படுத்தே கெடந்தாரு. குளிக்கக்கூட எந்திரிக்கல.

இல்ல இல்ல, பயப்படாதீங்க. இப்போ நல்லா இருக்காரு. புதுசா ஒருத்தி சேந்திருக்கா. சரியான மண்டு. கேமராவும் போட மாட்டா, மைக்கும் போட மாட்டா, டைப் அடிச்சே உயிர எடுப்பா. தண்ணிக்குள்ள தும்மல் வந்தா என்ன பண்றதுங்கறா. முகமூடிக்குள்ள மூக்கு அரிச்சா எப்படி சொறியறதுங்கறா. அவர் சாப்பிடறப்போ என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. இருந்தாலும் விட மாட்டேன், இந்தப் பொம்பளய எப்படியும் கடல்ல எறக்கிடுவேன் பாருங்கறாரு.

நீங்க திரும்பி வரணும் டாக்டரம்மா. நாளைக்குத் திங்கக்கெழம, காலைல பத்து மணி. அவருக்காக இல்ல, எனக்காக. பத்தடிச்சா சமையக்கட்டுக் கதவச் சாத்திக்கிட்டு, குக்கர எறக்கி வச்சிட்டு, ஈரக் கையோட ஒரு மணி நேரம் டைப் அடிக்கறேன்.

ஆமா, நான்தான்.

அவருக்குத் தெரியுமாவா? தெரியல. கேட்டுக்கல. நாளைக்குக் கேக்க என்கிட்ட ஒரு கேள்வியும் மிச்சமில்ல, அதான் உங்களக் கூப்பிட்டேன்.