பதினோரு விநாடி வேலை

உங்கள் ஸ்டேஷன் கொல்லையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது அய்யா. இறுக்கி மூடிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். திறந்து கிடக்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. இதோ, உங்கள் பேனாவுக்கும் மூடி போட்டுவிட்டேன். எழுதும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வெங்கட்ரமணன். வயது நாற்பத்தாறு. வீடு தச்சநல்லூர். ஆற்றங்கரையில், படித்துறைக்கு மேலே இருக்கும் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் குமரவேல் என்னோடு வேலை பார்ப்பவர். அவரை விட்டுவிடும்படி கேட்கத்தான் வந்தேன்.

மேலே அணையில் தண்ணீர் திறந்தால் படித்துறையில் எச்சரிக்கைச் சங்கு ஊத வேண்டும். அந்தப் புரோகிராம் குமரவேல் எழுதியது. நிமிடத்துக்கு ஒருமுறை அது அணைக்குக் கீழே ஆற்றில் இருக்கும் கருவியோடு ஓர் இணைப்பைத் திறந்து நீர்மட்டத்தைக் கேட்கும். கேட்டதும் இணைப்பை மூட வேண்டும். அவர் மூடவில்லை. நாங்கள் எழுதும் கணினி மொழியில், பயன்படுத்தி முடித்த நினைவகத்தை மொழியே கூட்டி அள்ளிக்கொள்ளும். அந்தக் குப்பைக்காரன் இணைப்பையும் சேர்த்து மூடிவிடுவான் என்று நினைத்துவிட்டார். ஆனால் நினைவகம் நிறையும்போதுதான் அவன் வருவான். எங்கள் கணினியில் நினைவகம் ஏராளம். அவன் வரவே இல்லை. நாலாயிரம் இணைப்புகள் திறந்து கிடந்தால் அடுத்தது திறக்காது. திரையில் பழைய அளவே நிற்கும், சங்கு ஊதாது. மூன்று நாளுக்குள் அது நடந்துவிடும்.

அவரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் குப்பைக்காரன் பாத்துக்கிடுவான் வே. நீரு எதுக்கு வாரியலத் தூக்கிட்டு அலையுதீரு?" என்றார். துடைப்பத்தோடு அலைகிறவன் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை. தினமும் குளித்து, விபூதி இட்டு, ஆறு மணிக்கு அலுவலகம் வந்து அந்தப் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிடுவேன். எல்லா இணைப்பும் மூடிக்கொள்ளும். பதினோரு விநாடி வேலை. எட்டு மாதம் செய்தேன், ஒருவரிடமும் சொல்லாமல். பிறர் குறையை மறைப்பது சின்ன உதவிதான். சுவாமி சின்ன உதவிகளைத்தான் பார்க்கிறார்.

போன ஞாயிறு மாலை, எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நிற்காத புரோகிராம் என்று கம்பெனியில் குமரவேலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்ன வே, உம்ம வாரியலுக்கு வேலையே வரலியே." நானும் கைதட்டினேன். நன்றாகவே தட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பதினோரு விநாடி வேலையைச் செய்யவில்லை. செவ்வாயும் புதனும்கூடச் செய்யவில்லை. தண்டனை இல்லை அய்யா. ஒரு மனிதர் தன் தவறைத் தானே பார்ப்பதற்கு ஒரு வாய்ப்பு. ஆறு மணிக்கு என் கால் தானாக வாசலுக்குப் போகும். திருப்பி அழைத்து வருவேன். "என்னன்னா, கூண்டுல அடைச்சாப்ல சுத்தறேள்?" என்று என் மனைவி வித்யாலக்ஷ்மி கேட்டாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு, மேலே தண்ணீர் திறந்த செய்தி எங்கள் போன்களுக்கு வந்தது. சங்கு ஊதிக்கொள்ளும் என்று குமரவேல் டீ குடிக்கப் போனார். என் திரையில் நள்ளிரவு அளவே நின்றது. அப்போது அலுவலகம் பெருக்கும் ஆவுடைத்தாய் தோளில் துண்டோடு வந்தாள். முந்தின வாரம் கதவிடுக்கில் என் விரல் நசுங்கியபோது மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டவள்.

"ஒரு முங்கு முங்கிட்டு ஓடியாந்துருதேன் சார். சங்கு ஊதுனா ஏறிருவேன்லா."

"பைய போய்ட்டு வா" என்றேன். படி வழுக்கும்.

தண்ணீர் வந்துசேர நாற்பது நிமிடம் ஆகும். கீபோர்டில் கை வைத்திருந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னல் கொக்கியைப் போட்டேன், மறுபடி எழுந்தேன். அவளிடமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். கூட வேலை பார்ப்பவரின் குறையை அவர் இல்லாதபோது இன்னொருவரிடம் சொல்வது பண்பில்லை. குமரவேல் திரும்பி வந்து, "சங்கு ஊதலியே வே, கொஞ்சம் என்னன்னு பாருமே" என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். வந்தார். வடை ஆறிப்போயிருந்தது என்று மட்டும் சொன்னார்.

பிறகு தண்ணீர் வந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆவுடைத்தாயை ஆறு கொண்டுபோனது, சங்கு ஊதாது என்று தெரிந்தும் நான் அவளை அனுப்பியதால். குமரவேலை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பிள்ளைகள் தேடும். இதையும் சேர்த்து எழுதுங்கள்: அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பதினோரு விநாடியை நான் மறுத்திருக்க மாட்டேன். உதவி என்று வந்தவரிடம் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.