வாசல்தோறும் நிற்கும் குதிரை

தலைமைப் பீடத்தில் வீற்றிருக்கும் நம் தெரு நலச்சங்கத் தலைவர், தூய்மையின் திருவுருவம் பஞ்சாட்சரம் அவர்களே! மூக்கைப் பொத்தியபடி முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! புகார் மனுவில் போட்ட கையெழுத்தின் மை காயுமுன் எனக்குக் கைகொடுக்க வந்த அன்பர்களே! தாய்மார்களே! ராஜகோபாலின் பணிவான வணக்கம்.

சிட்டிபாபுவின் கல்யாண ஊர்வலக் குதிரை மோத்தியை நாளைக் காலை தெருவைவிட்டு அனுப்புவது என்று தீர்மானம் போட்டுவிட்டு, நன்றியுரைக்கு என்னை அழைத்திருக்கிறீர்கள். அருமையான தேர்வு. அந்தக் குதிரையால் எழுந்து நடந்தவனைக் கொண்டே அதற்கு வழியனுப்பு விழா. உங்கள் ரசனையே ரசனை.

மேடை மேடையாக முழங்கிய இந்த நாக்கு போன ஆண்டு பக்கவாதத்தில் படுத்துவிட்டது. வலது கையும் காலும் துணைக்குப் படுத்தன. பார்க்க வந்தீர்களே, மறப்பேனா? ஆப்பிளோடு வந்தீர்கள், அறிவுரையோடு வந்தீர்கள், "எவ்வளவு பேசின மனுசன், பாவம்" என்று என் காதுபடவே கண்ணீர் வடித்தீர்கள். வெட்கத்தில் நான் வாசல்பக்கமே வரவில்லை. செத்துப்போயிருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டுச் சிட்டிபாபு ஒருநாள் கொல்லைவழியாக என்னைக் கைத்தாங்கலாக மோத்தியிடம் அழைத்துப் போனான். அது என்னிடம் என்ன கேட்டது? ஒன்றும் கேட்கவில்லை. அறிவுரை சொல்லத் தெரியாத மிருகம், பாவம். கையை நீட்டி மடக்கச் சொன்ன மருத்துவரை முறைத்தவன் நான். சிட்டிபாபு என் விரல்களை அதன் கழுத்தில் வைத்தபோது, அந்தச் சூட்டில் விரல்கள் மெல்ல விரிந்தன. தினமும் தேய்த்துவிட்டேன். தேய்க்க நிற்க வேண்டுமே, நின்றேன். மாத்திரையை மருத்துவர் கொடுத்தார், எழுந்து நிற்கும் ஆசையை மோத்தி கொடுத்தது. பிறகு அதன்மேல் சாய்ந்தபடி தெருவில் நடந்தேன்.

அங்கேதான் வந்தது வினை. குணமாலா அம்மா வீட்டு வாசலில் குதிரை நின்றுவிட்டது. இழுத்தேன், நகரவில்லை.

"ஊர்வலக் குதிரைண்ணே. வாசல் வாசலா ஆரத்திக்கு நின்னு பழகிடுச்சு. யாராச்சும் வெளிய வந்தாத்தான் நகரும்" என்றான் சிட்டிபாபு.

அம்மா வெளியே வந்தார். "இன்னாப்பா ராஜகோபாலு, நடந்துக்கினு வர்றியே!"

ஓடி ஒளிய வழியில்லை. "வ... ணக்... கம்" என்றேன். அடுத்த வாசல், அடுத்த வணக்கம். இந்தத் தெருவின் அத்தனை வாசலிலும் என்னை நிறுத்தி, பேசவைத்து, மனிதனாக்கியது அந்த மிருகம்.

என்ன அங்கே? சுருக்கமாக முடிக்கவா? மாதக்கணக்கில் வாய்மூடிக் கிடந்தேனே ஐயா, அது போதாதா?

குதிரை லத்தி நாறுகிறது என்கிறீர்கள். நாறத்தான் செய்யும். திருவிழாவில் மரக்குதிரை வாகனத்துக்குத் தோள்கொடுக்கும் தெரு இது. அது தின்பதுமில்லை, போடுவதுமில்லை, எவ்வளவு சுத்தம்! உயிரோடு இருப்பதுதான் மோத்தி செய்த குற்றம். அந்த லத்தியை இனி நானே அள்ளுகிறேன், மோத்தி மீட்டுக்கொடுத்த இந்தக் கையாலேயே.

வேண்டாமா? சரி, அனுப்புங்கள். நாளை நானே கயிற்றைப் பிடிக்கிறேன். ஆனால் தெருக்கோடிக்குப் போக உங்கள் வாசல்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தலைவர் வாசலில் நிற்கும். உங்கள் வாசலில் நிற்கும் ஐயா, உங்கள் வாசலிலும் நிற்கும் அம்மா. நீங்கள் வெளியே வராமல் நகராது. வாருங்கள். அதன் முகத்தைப் பார்த்து, "போ" என்று சொல்லுங்கள்.

பேச இடம்தந்த தலைமைக்கு நன்றி. எனக்கு முதலில் திரும்பி வந்த சொல்லாலேயே விடைபெறுகிறேன். வணக்கம்.