மாவரைக்கும் நாள்

எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் ஐயா, அடைக்கலமேரி வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்பார்கள். காலையில் ஒரு தரம், விளக்கு வைப்பதற்கு முன் ஒரு தரம் துடைத்துவிடுவேன். ராயபுரத்தில் லாரிப் புழுதியும் ஹார்பர் கரித்தூளும் வீட்டுக்குள் வர நேரம் காலம் பார்ப்பதில்லை. அந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போலத் துடைத்தேன். தரை ஏன் ஈரமாக இருந்தது என்றுதான் முதலில் கேட்டீர்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கம்ப்யூட்டர்தான். என் மகன் பிராங்கிளின் இன்ஜினியரிங் சேர்ந்ததும் படிப்புக்கு வேண்டும் என்று கேட்டான். அவன் அப்பா இக்னேஷியஸ் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. வந்த பிறகு பார்த்தால் அதில் படிப்பைக் காணோம், காரும் துப்பாக்கியும்தான் ஓடின. கடையில் கட்டி விற்கிற பெட்டி இந்த விளையாட்டுக்கெல்லாம் தாங்காதாம். ரிச்சி தெருவில் ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி வாங்கிச் சேர்க்க வேண்டுமாம். அதற்கென்று ஒருவனைக் கூட்டிவந்தான். பெயர் செங்குட்டுவன். அதே காலேஜில் படித்து முடித்தவன், வியாசர்பாடி.

எனக்குச் சாதி வித்தியாசம் கிடையாது. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் பௌத்தம், அவ்வளவுதான் வித்தியாசம். அவன் அம்மா ரமாபாய் மாநகராட்சிப் பள்ளியில் டீச்சர், அதையும் நான் மறைக்கவில்லை. அவனுக்கென்று ஒரு சில்வர் டம்ளர் தனியாக வைத்திருந்தேன். அவன் வாய் வைத்துக் குடிப்பான் என்பதற்காக வைத்தது. நாங்களும் வாய் வைத்துத்தான் குடிக்கிறோம், ஆனால் அது வேறு. செருப்பை வாசலுக்கு வெளியே விடச் சொன்னேன். அதுவும் தரைக்காகத்தான்.

முன்னறையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியை அவன்தான் கட்டி முடித்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. ஆனால் விளையாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து டப்பென்று அணைந்து தானாகவே மறுபடி முதலிலிருந்து கிளம்பும். பிராங்கிளின் தலையில் அடித்துக்கொள்வான்.

“டேய் மாமு, மறுக்கா பூட்ச்சுடா. இன்னாடா மெஷின் கட்டிக் குட்த்த?”

செங்குட்டுவன் வருவான். மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டுப் பார்ப்பான். பவர் சப்ளையை மாற்றினான். சூடாகிறதோ என்று மூடியைத் திறந்து வைத்து, எங்கள் டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பிவிட்டான். புழுக்கத்தில் நாங்கள் வெந்தோம், பெட்டி காற்று வாங்கியது. யூபிஎஸ் வைத்தால் பரவாயில்லை என்றான். டிவிக்கே இல்லாத சீர் இதுக்கு எதுக்கு என்று இக்னேஷியஸ் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவன் இருக்கிறவரை பெட்டி ஓடும். அவன் போன பிறகு, செவ்வாய் வந்தால் அணையும், சனி வந்தால் அணையும்.

செவ்வாயும் சனியும் எங்கள் வீட்டில் மாவரைக்கும் நாள். முந்தின நாள் சாயங்காலம் என் மகள் டெபோரா அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு வைப்பாள். விடிந்ததும் நான் கிரைண்டரைப் போடுவேன். சுவிட்சைத் தட்டியதும் லைட் ஒரு கணம் மங்கும், உள்ளேயிருந்து பிராங்கிளின் கத்துவான். இரண்டும் ஒன்றாக நடக்கிறது என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், டெபோரா சிரித்தாள். அவன் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரிப்பான், இவள் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அவன் ஏதோ சொல்வான், இவள் வாய்விட்டுச் சிரிப்பாள். அந்தப் பெண்ணைப் பெற்று, காய்ச்சலுக்கும் அம்மைக்கும் மடியில் போட்டுக் காத்து வளர்த்தவள் நான். எனக்கு முன்னால் அவள் அப்படிச் சிரித்ததில்லை. கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. அதை நான் வெளியே காட்டவில்லை, அதுதான் என் குணம்.

இவன் கட்டிய பெட்டி ஓட்டைப் பெட்டி என்று ஆகிவிட்டால் வீட்டில் மதிப்பு போய்விடும், வரமாட்டான் என்று கணக்குப் போட்டேன். அதனால் மற்ற நாட்களிலும், பிராங்கிளின் விளையாட உட்கார்ந்ததும் கிரைண்டரை ஒரு சுற்று விடுவேன். மாவு இல்லாமல் வெறும் கல் ஓடும். கல்லுக்கு நல்லதில்லை, தெரியும். ஆனால் என் கணக்கு தப்பாகப் போனது. பெட்டி அணைய அணைய அவன் கூப்பிடாமலே வந்தான். நானே அவனை வரவழைத்துக்கொண்டிருந்தேன் என்று புரிந்தபோது எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தையும் அவன் கணக்கில்தான் எழுதினேன்.

கடைசியில் அவனே கண்டுபிடித்துவிட்டான். ஒருநாள் பெட்டியைத் திறக்காமல் சும்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கிரைண்டரைப் போட்டதும் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்து நின்றான்.

“ஆன்ட்டி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? நீங்க கிரைண்டர் போட்டாதான் அது பூடுது. மெஷின் மேலயும் தப்பு இல்ல, உங்க மேலயும் தப்பு இல்ல. இந்த வூட்டு வொயரு பழசு.”

என் மேல் தப்பில்லை என்று எனக்கே தீர்ப்புச் சொன்னான். என் வீட்டில், என் சமையலறை வாசலில் நின்றுகொண்டு. நான் சிரித்த முகமாக டம்ளரை எடுத்து டீ ஊற்றிக் கொடுத்தேன்.

டீயைக் குடித்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னான். “இந்த வூட்ல எர்த்தே இல்ல ஆன்ட்டி. பெட்டியத் தொட்டா சுர்ருங்குது. வர்ற சனிக்கெழம வந்து புதுசா வொயர் இஸ்த்து குடுத்துடறேன். அதுவரைக்கும் தரை ஈரமா இருக்கசொல்ல யாரும் கைய வெக்காதீங்க. வெறுங்காலோட தொட்டா ஆளையே தூக்கிடும்.”

எங்கேயிருந்தோ ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே போட்டான், கால் வைத்துக்கொள்ள. எங்கள் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான் ஐயா. அதற்கு முன் எனக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். டெபோரா வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். நான் பதறவில்லை. எதிர்பார்த்ததுதான், பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“அவன் நம்ம வேதம் இல்லியே கண்ணு. கோயில்ல எப்டி கல்யாணம் மந்திரிப்பாங்க?”

“ஞானஸ்நானம் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டாரும்மா. அவுங்க அம்மாகூட ஒத்துக்கினாங்க. இப்ப சொல்லு, வேற இன்னா கீது?”

வேறு என்ன இருக்கிறது என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்தது அந்த ஒரே ஒரு காரணம். அதைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சம் என்ன இருக்கிறது காட்டு என்று நின்றால் பெற்றவள் என்ன செய்வாள்? ஞானஸ்நானத் தண்ணீர் தலையை நனைக்கும். வியாசர்பாடியைக் கழுவுமா? இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மீன் கையோடு அவளை அறைந்தேன். கன்னத்தில் செதில் ஒட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. “தெரியும்மா, எனக்கு எப்பவோ தெரியும்” என்றாள். போய்ப் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கமே வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. இக்னேஷியஸ் டியூட்டிக்குப் போய்விட்டார். டெபோராவும் என்னிடம் பேசாமல் ஆபீசுக்குப் போய்விட்டாள். பிராங்கிளினைக் காசிமேட்டுக்கு மீன் வாங்க அனுப்பினேன். முந்தின நாள் வாங்கிய மீன் வீட்டில் இருந்தது என்பது உண்மைதான். எங்கள் வீட்டில் தினமும் மீன் வாங்குவோம்.

செங்குட்டுவன் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். செருப்பை வெளியே விட்டான். என்னை நேராகப் பார்க்காமல், வெட்கப்பட்ட மாதிரி கேட்டான்.

“ஆன்ட்டி, டெபோரா சொல்லிச்சா?”

“சொன்னாப்பா. நீ மொதல்ல வேலைய முடி. அப்பால உக்காந்து பேசலாம்.”

அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நல்ல முகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வாசலுக்கு மேலே மெயின் போர்டு இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினான். வெள்ளைப் பீங்கான் கட்டை, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அதை என் கையில் கொடுத்தான்.

“இத்த நீங்களே வெச்சுக்கினு இருங்க ஆன்ட்டி. வெளிய வெச்சா எவனாவது தெரியாம மாட்டிடுவான். நான் கேக்கசொல்ல குடுங்க.”

முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மேசைக்குக் கீழே இருந்த பலகை அழுக்காக இருந்தது. எடுத்துக் கழுவி மாடியில் காயப்போட்டேன். பிறகு வாளியும் துணியுமாக வந்து முன்னறையைத் துடைத்தேன். அவன் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, சுவிட்ச் போர்டைப் பிரித்து, வயர்களை உரித்துக்கொண்டிருந்தான். காலைத் தூக்குப்பா என்றேன். தூக்கினான். “விடுங்க ஆன்ட்டி, குப்பையெல்லாம் நானே அப்பால தொடைச்சு உட்டுடறேன்” என்றான். அவனுக்கு என்மேல் துளி சந்தேகம் இல்லை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. என்னை அவ்வளவு எளிதாக நம்புவதற்கு நான் அவனுக்கு என்ன உறவு?

ஸ்டூல் போட்ட இடத்திலேயே கிடந்தது. ஏறினேன். ஃப்யூஸ் கட்டையை மாட்டினேன். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. முன்னறையிலிருந்து பெரிதாகச் சத்தம் ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு வந்த ஏட்டையாவிடம் சொன்னேன், மாவு அரைக்க வேண்டியிருந்தது, அவன் உள்ளே வேலை செய்கிறான் என்பதே மறந்து போனது என்று. செவ்வாய், சனி என்றால் அடைக்கலமேரி மாவரைப்பாள் என்று பக்கத்து வீட்டு ஃப்ளோராவும் சாட்சி சொன்னாள். ஏட்டையா இக்னேஷியஸைத் தனியாகக் கூப்பிட்டு, “பொம்பளைங்களுக்கு கரண்ட்டப் பத்தி இன்னா தெரியும், உடுங்க” என்றார். என் காதில் விழுந்தது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். என் பேரைக் காப்பாற்றியது அந்த வார்த்தைதான். ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றும் தெரியாதவளா நான்?

ரமாபாய் டீச்சர் வந்தார்கள். கத்திக் கூப்பாடு போடுவார்கள் என்று நினைத்தேன், போடவில்லை. வாசலில் கிடந்த மகனுடைய செருப்பைக் குனிந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்கள். டெபோரா அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கிப் போனாள். அவள் துணிமணிகூட இங்கேதான் இருக்கிறது. என் மகளை வியாசர்பாடிக்கு அனுப்பக் கூடாது என்றுதான் இவ்வளவும். அவன் இருந்திருந்தால் வாரம் ஒருநாளாவது என் கண்ணில் பட்டிருப்பாள். செத்தும் ஜெயித்துவிட்டான்.

பிறகு வேறொரு ஆள் வந்து புது வயர் இழுத்துப் போனான். இப்போது கிரைண்டர் போட்டாலும் அந்தப் பெட்டி அணைவதில்லை. பிராங்கிளின் அதைத் தொடுவதும் இல்லை, என்னோடு பேசுவதும் இல்லை. ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன், தூசி படக்கூடாது பாருங்கள்.

டெபோரா உங்களிடம் வந்து என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவளைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது, ஏனென்றால் எங்கள் வீட்டில் அது அவளுடைய வேலை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை, நான் அப்படி வளர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்தவள் அரிசியும் போடவில்லை, உளுந்தும் போடவில்லை. நானும் போடவில்லை. அரைப்பதற்கு அன்று வீட்டில் ஊறின அரிசி ஒரு பிடிகூட இல்லை என்பது, ஸ்டூலில் ஏறும்போதே எனக்குத் தெரியும்.