யன்னலுக்கு முன்னால ஒரு பேசின்

அந்தக் கதிரையில இருக்காதேங்கோ தம்பி, கால் ஆடும். இஞ்சால வாங்கோ, கொய்யாவுக்குக் கீழ. இதில நிண்டாத்தான் வடிவாத் தெரியும்.

ஓம், பின்னேரந்தான் வரும். வால் நீண்ட வெள்ளைக் குருவி. சிங்கள ஆக்கள் வெள்ளைத்துணிக் கள்ளன் எண்டு சொல்லுவினம். மாரியோட வந்து பங்குனி வெயிலுக்குப் போயிடும். வந்தா நேரா அந்தத் தண்ணிப் பேசினுக்க விழுந்து குளிச்சிட்டு, மேல அந்தக் கொப்பில இருந்து செட்டை உதறும். கெமராவோட வாற உங்கட ஆக்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறவை.

முதல் பேசின் கீழ, துணி தோய்க்கிற கல்லிலதான் இருந்தது. ஏன் மேல ஏத்தினதோ? பூனைக்குப் பயத்தில எண்டு வச்சுக்கொள்ளுங்கோவன். ஒரேயடியா ஏத்தினாக் குருவி வெருண்டிடும். அதால மெல்ல மெல்ல. மர வாங்கில வச்சன், பிறகு மதில்ல, பிறகுதான் அந்த யன்னலுக்கு நேர கொப்பில கட்டித் தூக்கினன்.

யன்னலோ? அது கிளைவ்ட வீடு. எங்கட லேன் கமிட்டித் தலைவர். தங்கமான மனுசன் எண்டு லேன் முழுக்கச் சொல்லும். முந்தி உந்த யன்னலுக்குத் திரைச்சீலையே இல்ல, இப்ப ஒண்டுக்கு ரெண்டாத் தொங்குது. போன சனி ஏழெட்டுப் பேர் கெமராவோட நிக்கேக்க பனியனோட வந்து திறந்தார். கண்டவுடன படாரெண்டு சாத்தினார். நான் கையக் காட்டினன்.

முந்தநாள் கேற்றடிக்கு வந்தவர். அன்ரி, பேசினை அங்கால மாத்த ஏலாதோ, எந்த நேரமும் ஆரோ பாக்கிற மாதிரி இருக்கு, மனிசி அந்த அறைக்குள்ள போறாளில்ல எண்டார். ஐயோ பாவம், குருவிக்கு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன் எண்டன். முகம் கறுத்துப்போச்சு. பொலிசுக்குப் போவாராம். போகட்டும். உங்கட படங்களைக் காட்டினா அதில குருவிதானே இருக்கு.

வீட்டை விக்கப் போறார் எண்டும் கேள்வி. விக்கட்டும்.

நானோ? தனியத்தான் தம்பி. மகள் துஷாந்தினி ஹெந்தளையில, பெரியம்மா வீட்ட. எத்தின தரம் கூப்பிட்டாலும் இஞ்ச வாறாளில்ல. போன வருசம் குழாயில தண்ணி வராத கிழமை, பிள்ளை உந்தக் கிணத்தடியில குளிச்சவள். அந்த யன்னலாலதான் உந்தத் தங்கமான மனுசன் போனை நீட்டிப் படம் எடுத்தவன். நான் கண்டு கத்த அழிச்சுப்போட்டு, பொலிசில வந்து நிண்டு, எங்க அந்தப் படம், காட்டுங்கோ எண்டு கேட்டவன். பொலிசும் அதையேதான் கேட்டது.

அந்தா, வந்திட்டுது. அசையாதேங்கோ. கெமராவக் கொஞ்சம் மேல பிடியுங்கோ. இன்னும் கொஞ்சம்.

குருவி போனாலும் கெமராவ இறக்காதேங்கோ தம்பி. நில்லுங்கோ, நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.