ஆலப்பாக்கத்துல எறங்காத அம்மா

இந்த பஸ்ஸ ஒன் வீட்டுக் கூடமா மாத்துனது நீதான் தம்பி. அங்க இங்க திரும்பாத, ஒன்னத்தான் சொல்றேன். ஜன்னலோரம் குந்திக்கிட்டு, அப்பளத்த கடிக்கப் போறவன் மாதிரி போன வாய்க்கு நேரா புடிச்சுக்கிட்டு, ஒங்கம்மாகிட்ட ஸ்பீக்கர்ல பேசுனியே, அதத்தான்.

சாரியெல்லாம் வேணாம். எந்திரிக்கவும் வேணாம், குந்து. நான் காலு மடக்குனாத்தான் நீ வெளிய போவ முடியும். நான் மடக்கறதா இல்ல. சிதம்பரத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு.

ஒட்டுக் கேட்டனா? நானா? நல்லாருக்குப்பா. ஒட்டுக் கேக்கறதுன்னா நாம போயி செவுத்துல காத வெக்கணும். இங்க செவுரே எந்திரிச்சு வந்து என் காதுல சாஞ்சிக்கிச்சு. ஒங்கம்மா கொரலுக்கு மைக்கே தேவையில்ல, அதுக்கு மேல நீ ஸ்பீக்கர் வேற போட்ட. டிரைவரு பாட்ட நிறுத்துனாரே, எதுக்குன்னு நெனச்ச? பாட்டு புடிக்காமயா? ஒங்கம்மா சொல்றது காதுல சரியா வுழலன்னு நிறுத்துனாரு.

முதுநகர் தாண்டறதுக்குள்ள இந்த பஸ்ஸுக்கே ஒன் கத தெரிஞ்சு போச்சு. ஒனக்கு கவர்மெண்ட் உத்தியோகம். ஊரு கீரப்பாளையம். ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்ல தட்டு மாத்தறாங்க. பொண்ண ஒனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஒங்கம்மாவுக்கும் புடிச்சிருக்கு, ஆனா காரு இன்னும் ஜாஸ்தியா புடிச்சிருக்கு. அந்தம்மா போட்டாங்க பாரு திட்டம். இப்ப வாய தொறக்கக் கூடாது. பொண்ணோட அப்பன் பெரிய யாவாரியாம், மொதல்லயே சொன்னா பேரம் பேசி முழுங்கிருவானாம். அதனால ஒறவெல்லாம் கூடி குந்தி, தட்டு கைக்கு வர்ற நேரத்துல, எங்க புள்ளைக்கு காரு எப்பன்னு கேக்கணும். அவன் முழிச்சான்னா, ஜாதகத்துல செவ்வா இடிக்குதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துரணும்.

அதுக்கு நீ இன்னா சொன்ன? எனக்கு மட்டும் இல்ல, கடைசி சீட்ல முறுக்கு திங்கற ஆளுக்கும் கேட்டுச்சு. சரிம்மான்ன. இன்னொரு தடவையும் சரிம்மான்ன. அவ்ளோதான் ஒன் வசனம்.

அதுக்கப்புறம் பஸ்ஸு ரெண்டு கட்சி ஆயிருச்சு தம்பி. நீ வாட்ஸப்ப தடவிக்கிட்டு இருந்த, ஒனக்குத் தெரியாது. முறுக்கு ஆளு, கவர்மெண்ட் மாப்ளைன்னா காரு கேக்கத்தான் செய்வாங்கன்னாரு. நடுவுல நின்ன ஒருத்தரு, கீரப்பாளையத்துல அத நிறுத்த எடம் இருக்கான்னு கேளுங்கன்னாரு. கண்டக்டரு இருக்காரே, அவரு எனக்கு சில்லறை குடுத்துக்கிட்டே, சார், சேப்பு கலர் மட்டும் வேணாம், புழுதி தெரியும்னுட்டுப் போறாரு. இதெல்லாம் கூட வுட்டுரு. அதோ, படிக்கட்டுகிட்ட மீன் கூடைய வெச்சுக்கிட்டு நிக்கறாங்களே பச்சப் பொடவ, அந்தம்மாவுக்கு டிக்கெட்டு ஆலப்பாக்கம். ஆலப்பாக்கம் வந்துச்சு. கண்டக்டரு விசில் அடிச்சாரு. அந்தம்மா எறங்கல. இன்னா முடிவு ஆவுதுன்னு பாத்துட்டு எறங்கறேன், புதுச்சத்திரத்துக்கு போட்டுக் குடுன்னுட்டாங்க.

சிரிக்கற. சிரி. ஒனக்கு சிரிப்பு, அந்தம்மாவுக்கு மீனு நாறுது.

நான் ஒன்ன மட்டும் சொல்லல. இந்த ரூட்ல காலங்காலமா போறவன் நான். போன வெச்சுக்கிட்டு ஆளுங்க பண்ற கூத்த எழுதுனா ஒரு பஸ்ஸு பத்தாது. ஒருத்தன், ஷர்ட்டு டக்கின் பண்ணவன், மேனேஜருக்கு போன் போட்டு வயித்த வலி, ஆஸ்பத்திரில படுத்துருக்கேன்னு மொனகறான். என் பக்கத்து சீட்லதான். அந்த நேரம் பாத்து கண்டக்டரு விசில அடிக்கறாரு. அந்தப் பக்கம் மேனேஜரு அது இன்னாடா சத்தம்ங்கறாரு. இவன் கொஞ்சமும் யோசிக்கல, சார், நர்ஸு கூப்புடறாங்க சார்னுட்டான். எந்த ஆஸ்பத்திரிலய்யா நர்ஸு விசில் அடிச்சுக் கூப்புடறாங்க? மேனேஜரும் நம்பிட்டாரு, அதுதான் எனக்கு ஆறல.

இன்னொருத்தன், நாலு வரி பாட்டு வர்ற வீடியோவ, அதே நாலு வரிய, காரைக்காட்டுலேருந்து சிதம்பரம் வரைக்கும் போட்டு போட்டு பாத்தான். எறங்கறப்ப எனக்கு அந்த ஸ்டெப்பே வந்துருச்சு. அட, சாவு வீட்ல ஒண்ணு நடந்துச்சு கேளு. பொணத்த தூக்கப் போறாங்க, எல்லாம் அழுவறாங்க. ஒருத்தன் பாக்கெட்ல குத்துப் பாட்டு அடிக்குது. அவன் பதறிப் போயி நிறுத்தறேன்னு ஸ்பீக்கர அமுக்கிட்டான். அந்தப் பக்கத்துலேருந்து ஒரு கொரலு, மச்சான், எடுத்தாச்சா, பிரியாணி ஆர்டர் போடலாமான்னு கேக்குது. பொண்டாட்டிய பறிகுடுத்தவரே ஒரு நிமிஷம் அழுவய நிறுத்திட்டு எந்தக் கடைன்னு பாத்தாரு.

எனக்கு கோவம் ஜாஸ்திதான். ஊர்ல கேட்டா சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல குந்தி கத்துக்க எனக்கு நேரம் அமையல. மீச மொளைக்கறதுக்கு முன்னாடியே சந்தைக்கு வந்துட்டேன். அடி வாங்கி, ஏமாந்து, நாலு பேரு சிரிச்சு, அப்புறம்தான் தொழிலு படிஞ்சுது. எங்க தொழில்ல கொரலே கெடையாது தம்பி, அதான் இந்த ஸ்பீக்கர கண்டா எரியுது. வெலைய வாயால சொல்லவே மாட்டோம். தோள்ல கெடக்குதே, இந்தத் துண்டு, இத கை மேல போட்டு, துண்டுக்கு அடியில ஒருத்தன் வெரல ஒருத்தன் புடிச்சுப் பேசுவோம். புடிச்ச வெரலு ஒரு கணக்கு, அமுக்குன அமுக்கு ஒரு கணக்கு. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மூஞ்சி மட்டும் கோயில் செல மாதிரி வெச்சுக்கணும்.

ஆமா, மாட்டுச் சந்த. மாட்டுத் தரகு. ஏன், மாடுன்னதும் முழிக்கற? காத்து வரலயா? ஜன்னல நல்லா தள்ளு.

அந்த சந்தையிலயே ஸ்பீக்கரு பூந்துருச்சு தம்பி. அத சொல்றேன் கேளு. மேல்பட்டாம்பாக்கத்து முஹம்மது யூசுப் பாய், தங்கமான மனுஷன், வீட்டுக்கு ஒரு பால் மாடு வேணும்னு வந்தாரு. விக்கறவன் லூர்துசாமின்னு ஒருத்தன். நடுவுல நானு. மாடு பாக்க லச்சணமா இருக்கு. பல்லு புடிச்சுப் பாத்தாச்சு, சுழி பாத்தாச்சு. லூர்துசாமி சத்தியம் பண்றான், பச்சக் கொழந்த போயி காம்ப புடிச்சாலும் நிக்கும்ங்கறான். துண்டுக்கு அடியில பாய் கையி என் கையில. கடைசி வெரலு. அமுக்கப் போறாரு. லூர்துசாமி போன் அடிக்குது. அவன் கையில மாட்டுக் கயிறு, அதனால மூக்காலயோ மொழங்கையாலயோ எதையோ தேச்சான். ஸ்பீக்கர்ல அவன் சம்சாரம். ஏங்க, அந்த ஒதைக்கற சனியன எவன் தலையிலயாவது கட்டிட்டீங்களா, இல்ல திரும்ப ஓட்டிக்கிட்டு வரீங்களான்னு கேக்குது.

சுத்தி நின்னவனெல்லாம் மாட்ட வுட்டுட்டு லூர்துசாமிய பாத்தான். மாடு கூட தலைய தொங்கப் போட்டுக்கிச்சு. யூசுப் பாய் என் துண்டுக்கு அடியிலேருந்து கைய மெதுவா உருவிக்கிட்டு, அல்ஹம்துலில்லான்னாரு. அப்புறம் அந்த போன பாத்து, தங்கச்சி, நீங்க நல்லாருக்கணும்மான்னுட்டு நடந்தாரு.

எனக்கு அன்னிக்கு தரகு போச்சு. ஆனா ஒண்ணு வெளங்குச்சு. ஸ்பீக்கர்ல வர்ற கொரலு இருக்கே, அது யாரு கேக்கறாங்கன்னு தெரியாம பேசற கொரலு. அதுல பொய் இருக்காது. லூர்துசாமி எங்கிட்ட நாளெல்லாம் பேசுனத அவன் சம்சாரம் ஒரு வரில ஒடச்சுப் போட்டுச்சு பாரு.

அதனாலதான் நல்ல யாவாரி எவனும் மாட்ட சந்தையில பாத்துட்டு வாங்க மாட்டான். சந்தையில குளுப்பாட்டி, பொட்டு வெச்சு, மணி கட்டி நிறுத்திருப்பான், எல்லா மாடும் மகாலட்சுமிதான். ரெண்டு நாளு முன்னாடியே, சொல்லாம கொள்ளாம போயி, அது தனியா மேயறப்ப பாக்கணும். யாரும் பாக்கலன்னு நெனைக்கறப்ப எப்டி நடக்குது, எத முட்டுது, எதுக்கு மெரளுது. அது தெரிஞ்சுட்டா பேரமே தேவையில்ல.

இரு, இரு. புதுச்சத்திரம் வந்துருச்சு. அந்தம்மா எறங்கறாங்களான்னு பாப்போம். ஊகூம். பாத்தியா, கண்டக்டர்கிட்ட கைய ஆட்டறாங்க, முட்லூருக்கு போடுன்னு. அவரும் சிரிச்சுக்கிட்டே கிழிக்கறாரு. நீ ஒரு ஆளு கவர்மெண்ட் பஸ்ஸுக்கு வருமானம் பண்ணிக் குடுக்கற தம்பி.

எங்க வுட்டேன்? ஆங், ரெண்டாவது போனு. அம்மா போன வெச்சதும் நீ இன்னொண்ணு போட்டியே. அதுக்கு மட்டும் ஸ்பீக்கர் இல்ல. காதுல ஒட்ட வெச்சுக்கிட்டு, வாய ஒரு கையால மூடிக்கிட்டு, தலைய ஜன்னல் பக்கம் சாச்சுக்கிட்டு பேசுன. ஆக, மெதுவா பேசவும் ஒனக்குத் தெரியும். பக்கத்துல மனுஷன் இருக்கான்னும் தெரியும். அம்மாவுக்கு ஒரு கொரலு, அந்தப் பொண்ணுக்கு ஒரு கொரலு. அப்புறம் பக்கத்து சீட்ல இருக்கறவனுக்கு கொஞ்சமாவது கேக்காதா? சாப்டியான்ன. என்ன கொழம்புன்ன. ஞாயித்துக்கெழம என்ன கலரு கட்டுவன்ன. கடைசியா ஒண்ணு சொன்ன பாரு, அதான் எனக்கு சுருக்குன்னுச்சு. நான் இருக்கேன்ல, நீ எதுக்கு பயப்படறன்ன.

எங்க இருக்க நீ? சரிம்மான்னு சொன்ன எடத்துல நீ இருந்தியா? செவ்வா இடிக்குதுன்னு ஒங்கம்மா எந்திரிக்கறப்ப நீ எங்க இருப்ப? அவுங்க பொடவ முந்தானைக்குப் பின்னாடியா? அந்தப் புள்ள பட்டுப் பொடவைய கட்டிக்கிட்டு தட்டுக்கு முன்னாடி குந்திருக்கும் தம்பி. தெருவே பாக்கும். ஒரு காருக்காவ நீங்க எந்திரிச்சுப் போனா, அது எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எந்திரிக்கும்?

பேசு. இல்ல, நீ கெட்டவன்னு நான் சொல்லல. பொண்ணுகிட்ட பேசுனப்ப ஒன் மூஞ்சிய இந்த ஜன்னல் கண்ணாடியில பாத்துக்கிட்டுதான் வந்தேன். அது நடிப்பு இல்ல. எனக்கு மூஞ்சி பாக்கறதுதான் பொழப்பு. ஒதைக்கற ஜாதி இல்ல நீ. மெரள்ற ஜாதி. மெரளறத பழக்கிரலாம்.

கைய குடு. பயப்படாத, குடு. துண்டுக்கு அடியில வை. ம். தண்ணியா வேர்த்துருக்கு. சந்தையில கையி இப்டி வேர்த்தா அவன் மனசுக்குள்ள வெலைக்கு ஒத்துக்கிட்டான்னு அர்த்தம், வாய்தான் இன்னும் வரலன்னு அர்த்தம்.

அப்புறம் இன்னொண்ணு. சாப்டேன்னு சொல்லுச்சு இல்ல ஒங்கிட்ட? பொய்யி. கத்திரிக்கா கொழம்புன்னு சொன்னது நெசம், சாப்டது பொய்யி. ரெண்டு நாளா காயத்ரி சரியாவே சாப்புடல, ஞாயித்துக்கெழமைய நெனச்சு ஒரே படபடப்பு. காலையில அவுங்கம்மா விருத்தாம்பாள் வெச்ச இட்லி அப்டியே ஈ மொய்க்குது. அத மூடி வெச்சுட்டுத்தான் நான் திருவதிகைலேருந்து கெளம்புனேன்.

குந்து. குந்துங்கறேன்ல. பஸ்ஸுல கால்ல வுழுந்தா பின்னாடி இருக்கறவரு மேல வுழுவ. ஆமா, நாந்தான் கொளஞ்சியப்பன். அந்த முழுங்கற யாவாரி. நீங்க பொண்ணு பாக்க வந்தது வெள்ளிக்கெழம, எங்க சந்த நாளு, அதனால என் மச்சான் கார்த்திகேசன குந்த வெச்சுட்டுப் போயிட்டேன். போட்டோ பாத்தேன். அதுல முடி கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துச்சு, பரவால்ல. தெனம் சாயங்காலம் ஒரே நேரத்துல என் பொண்ணு போன எடுத்துக்கிட்டு மொட்ட மாடிக்கு ஓடும். பையன் கடலூர்ல பஸ்ஸு ஏறிட்டான்னு கணக்கு போட எனக்கு படிப்பு வேணுமா? தனியா மேயறப்ப பாக்கலாம்னு வந்தேன் அருண்பாண்டியா. நீ ஸ்பீக்கரும் போட்டுக் குடுத்துட்ட.

காரு வாங்கித் தர எனக்கு துப்பு இருக்கா இல்லையாங்கறது வேற பேச்சு. இந்தத் துண்ட நான் மாட்டுக்குத்தான் விரிப்பேன். என் பொண்ணு மேல விரிக்க மாட்டேன். அத ஞாயித்துக்கெழம தட்டுக்கு முன்னாடி நானே சொல்லிரலாமான்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். வேணாம். நான் சொன்னா அது பேரம். நீ சொன்னாத்தான் பேச்சு.

முட்லூரு தாண்டியாச்சு. அந்தம்மா சிதம்பரத்துக்கே டிக்கெட்டு எடுத்துட்டாங்க, பாரு. கூடையில மீனு கெடுது. டிரைவரு பாட்டு இன்னும் போடல. முறுக்கு ஆளு மெல்றத நிறுத்திட்டாரு. இத்தினி பேரையும் கூப்ட்டு குந்த வெச்சு பாதி கதைய சொன்னவன் நீ. மீதிய யாரு சொல்றது?

எடு போன. ஒங்கம்மாவுக்குப் போடு. காரு வேணாம், செவ்வா இடிக்கல, ஞாயித்துக்கெழம நான் எந்திரிக்க மாட்டேன்னு சொல்லு. சரிம்மாவ மட்டும் சொல்லாத. வெள்ளாத்துப் பாலம் வர்றதுக்குள்ள போடு.

தம்பி, காதுல வெக்காத. வாய மூடற அந்தக் கைய எடு. ஸ்பீக்கர்ல போடு.